பொதுவும் சிறப்பும்

இம்மலருக்குக் கட்டுரை எழுதுமாறு என்னை எவரும் கேட்டிலர். என்பால் ஒப்புவிக்கப்பட்ட பணி வேறு. நம் கல்லூரியின் பழைய மாணவருள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் பெயர்களையெல்லாம் திரட்டி, மலரின் இறுதிப் பக்கங்களுக்கு ஒரு பட்டியல் ஆக்கித் தரல் வேண்டும் என்பதே அது. தமிழாசிரியன் தொகுத்தால் எழுத்துப் பிழை நேராது என்ற நம்பிக்கையே இத்தெரிவுக்குக் காரணம் என்பதைப் பின்னர் அறிந்தேன். பட்டியலைத் தொகுக்கப் புகுந்தவிடத்து மனத்தில் எழுந்தவை இக்கட்டுரையாயின. இடந் தந்த மலராசிரியருக்கு நன்றியுடையேன்.

சங்கத்தார் அச்சிட்டு அனுப்பிய படிவத்தில் ஐந்து நிரல்கள் இருந்தன. பெயர், கல்லூரியிற் கற்ற ஆண்டுகள், பல்கலைக்கழகம், பட்டம் என்னும் நான்கும் எவருக்கும் இடர் தந்தில. ஐந்தாவது நிரல், பட்டம் சிறப்பா பொதுவா, எவ்வகுப்பிற் சித்தி என்று வினவியது. வந்த மறுமொழிகளின் வேறுபாடெல்லாம் அந்த ஒரு நிரலிலேயே இருந்தது. பேராதனையிற் கற்று இப்பொழுது இலண்டனில் வாழும், எண்பது கடந்த பெரியார் ஒருவர், தாம் பெற்ற வகுப்பினை எழுதியதோடு அமையாது, முதல் வகுப்பு எத்தாளில் எவ்வாறு தவறியது என்பதையும் தனித்தாளில் இரண்டு பக்கம் எழுதி இணைத்திருந்தார். அறுபதாண்டு கழிந்தும் அவருக்கு அவ்வினாத்தாள் மறக்கவில்லை. சிலர் அந்நிரலை வெறுமையாக விட்டனர். முப்பதாண்டு ஆசிரியராயும் அதிபராயும் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், நான் மிக மதிப்பவர், இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: ‘மன்னிக்கவும், பொது.’

அந்த ‘மன்னிக்கவும்’ என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. யாரிடம் மன்னிப்பு? எக்குற்றத்துக்கு?

மண்டபத்தின் மேற்குச் சுவரில் தொங்கும் கரும்பலகையைப் பழைய மாணவர் மறந்திரார். முதல் வகுப்பிற் சித்தியெய்தியோர் பெயர்கள் அதிற் பொன்னெழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது பூட்டிய மண்டபத்தை, மறுவருடம் மீண்டு வந்து பார்த்தவேளை, ஓடுகள் பாதி இல்லை, வாங்குகள் இல்லை, அப்பலகை மாத்திரம் சுவரில் இருந்தது. மழைநீர் பட்டு எழுத்துகள் மங்கியிருந்தன. அதன்கீழ் நின்று என் பெயரும் ஒருநாள் அங்கே ஏறும் என்று எண்ணிய பதினாறு வயதுச் சிறுவரில் நானும் ஒருவன்.

ஏறவில்லை. உயர்தரப் பரீட்சையில் அனுமதிக்கு வேண்டிய புள்ளியைச் சிறு வித்தியாசத்தில் இழந்தேன். சில ஆண்டு தொண்டர் ஆசிரியனாயிருந்து, நியமனம் பெற்று, ஆசிரியர் கலாசாலையில் இரண்டாண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழுடன் கல்லூரிக்கே மீண்டேன். என் அலுமாரியில் இருக்கும் தகைமைப் பத்திரம் அஃதொன்றே. அதனைக் குறைத்துச் சொல்லேன். பிள்ளை ஏன் பிழைவிடுகிறான் என்பதைப் பிழையைத் திருத்துமுன் அறிய வேண்டும் என்பதை அங்குதான் கற்றேன். எனினும், பட்டதாரியல்லாத ஒருவன் பட்டதாரிகளை வகைபிரித்து எழுதுவதில் ஒரு விநோதம் உண்டு என்பதை நானே முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் ‘ஒனேர்ஸ்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்ட அளவுக்கு அதன் பொருளைக் கேள்விப்பட்டவர் இலர். ‘அவர் தமிழ் ஸ்பெஷல்’, ‘இவர் வெறும் ஜெனரல்’ என்பர். தமிழாக்குங்கால் இடர் இன்னும் மிகும். கௌரவப் பட்டம் என்று எழுதினால் அது வேறொன்றாகிவிடும். பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தியவரேயன்றிப் பல்கலைக்கழக மாணாக்கராயிராத பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையவர்களுக்கு 1978 இல் இலக்கிய கலாநிதி என்று சூட்டப்பெற்றதே கௌரவப் பட்டம். புலமைக்குப் பிறர் செய்யும் வணக்கம் அது. நான்காண்டு கற்றுப் பரீட்சை எழுதிப் பெறுவது அன்று. எனக்குத் தெரிந்த ஒரு தந்தையார் மகனின் திருமண அழைப்பிதழில் ‘கௌரவ கலைமாணி’ என்று பொறித்துவிட, பையன் படியாமலே பட்டம் வாங்கினான் என்று பெண்வீட்டார் பக்கத்தில் ஒரு பேச்சு எழுந்து அடங்க ஒரு மாதமாயிற்று.

சிறப்புப் பட்டம் என்பதே நல்ல தமிழ். ஆனால் அதனையும் நாம் பிழையாகவே விளங்கிக்கொண்டோம் என்பது என் எண்ணம். நன்னூல் கற்பிக்கும் ஆசிரியன் பாயிரத்தைக் கடவாமற் செல்ல முடியாது. பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் எனப் பாயிரம் இரண்டு. பொதுப்பாயிரம் எல்லா நூலுக்கும் உரியது. நூல் எத்தகையது, ஆசிரியன் யார், மாணாக்கன் யார் என்பவற்றைப் பேசும். சிறப்புப்பாயிரம் ஒரு நூலுக்கே உரியது. இதனை இயற்றியவர் யார், எதன்வழி வந்தது, எதனைச் சொல்லுகிறது என்று கூறும். இங்கே சிறப்பு என்றது உயர்வையன்று, ஒன்றற்கே உரிமையாதலை. சிறப்புப்பாயிரம் பொதுப்பாயிரத்தினும் மேலானது என்று எந்த உரைகாரரும் சொல்லவில்லை. சிறப்புப் பட்டமும் அவ்வாறே, ஒரு பாடத்துக்கே தன்னை உரித்தாக்கிக்கொண்ட கல்வி. வழக்கிலுள்ள மற்றைப் பொருளாகிய மேன்மை வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது.

ஏறிக்கொண்டதற்கு ஆங்கிலப் பெயரும் ஒரு காரணம். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1800 இல் இயற்றிய பரீட்சை விதிகளால், வெறுமனே தேறுவோரினின்றும் திறமை காட்டுவோரைப் பிரித்து மதிப்பளிக்கும் முறை அங்கே நிலைபெற்றது. 1807 இல் பண்டைமொழி இலக்கியமும் கணிதமும் வெவ்வேறு பரீட்சைகளாயின. மறு ஆண்டே, பின்னாளிற் பிரதம மந்திரியாய் விளங்கிய ரொபேர்ட் பீல் இரண்டிலும் முதல் வகுப்புப் பெற்றார். கேம்பிரிட்ஜிலோ கணிதப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் முதல்வர் தொடங்கி இறுதியானவர் வரை வரிசைப்படுத்தப்பட்டனர். மதிப்புப் பட்டியலின் கடைசி மாணவனுக்கு அவனுடைய தோழர்கள் பெரியதொரு மர அகப்பையைப் பரிசளிக்கும் வேடிக்கை 1909 வரை நடந்தது. வரிசைமுறையை ஒழித்தபின் அகப்பையும் ஒழிந்தது. அகப்பை போனாலும் அந்த மனப்பான்மை கடல் கடந்து வந்து நம் மண்டபச் சுவரில் ஏறிவிட்டது.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் தன் பரீட்சைகளை வெளியாருக்கும் திறந்துவிட்டது. நம்மவர் பல்லாண்டு அப்பரீட்சைகளுக்கே படித்தனர். நமக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இல் இயக்கம் தொடங்கியவருள் முதல்வரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜிற் கற்றவர். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. அங்கும் இலண்டன் பரீட்சையே. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்த பின்னரே பட்டம் நம் மண்ணிற் கொடுக்கப்பட்டது. பேராதனைக் காலத்துப் பெரியார்கள் ‘ஜீ.ஏ.கியூ.’ என்று இன்றும் ஒருவகை நடுக்கத்தோடு சொல்வது, முதலாண்டு முடிவில் நிகழ்ந்த கலைத்தகுதிப் பரீட்சையை. அதன் பெறுபேறே பொதுவிற் செல்வார் யார், சிறப்பிற் செல்வார் யார் என்று பிரித்தது. அண்மையில் இந்நாட்டின் தகைமைச் சட்டகம் இவ்வேறுபாட்டை எண்ணாலேயே கூறிவிட்டது. 2015 இல் திருத்தியமைக்கப்பட்டவாறு, பொதுப் பட்டம் ஐந்தாம் நிலை, ‘கிரெடிற்’ எனப்படும் கற்கையளவு 90; சிறப்புப் பட்டம் ஆறாம் நிலை, கற்கையளவு 120. மூன்றாண்டும் நான்காண்டும் என்க.

எஞ்சிய அந்த முப்பதிலும் அவ்வோராண்டிலும் என்ன நிகழ்கிறது என்பதுதான் வினா. தமிழையே எடுத்துக்கொள்வேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என ஐவர் உரை உண்டு. பொதுவிற் பயில்வோன் மூன்று பாடங்களுக்கிடையே ஓடுகிறவன். சூத்திரத்துக்கு ஓர் உரையை அறிந்து அப்பாற் செல்வான். அவனுக்குத் தமிழிலக்கணம் முடிந்த முடிபாகத் தோன்றும். சிறப்பிற் பயில்வோன் ஐவரையும் மேசையில் விரித்து வைத்துக்கொள்ள நேரும். இளம்பூரணர் கொண்டதைச் சேனாவரையர் மறுப்பதைக் காண்பான்; இருவருள் யார் சொல்வது பொருந்தும் என்று தானே துணிய வேண்டிய நிலை வரும். பாடநூல் கைவிடும் அவ்விடத்திலேதான் சிறப்புக் கல்வி தொடங்குகிறது. இறுதியாண்டில் எழுதும் ஆய்வேடு அதன் தொடர்ச்சி. எவரும் முன்னர் விடை சொல்லாத சிறியதொரு வினாவை எடுத்து, ஒருவர் மேற்பார்வையில், ஓராண்டு அதனோடு வாழ்தல்.

பட்டம் இன்றியும் இது கைகூடும் என்பதை அறியாதவனல்லேன். ஆறுமுகநாவலர் எப்பல்கலைக்கழகத்தின் பட்டமும் பெற்றவரல்லர். சி. வை. தாமோதரம்பிள்ளை 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறினார். ஆனால் 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய புலமையை அவருக்கு அப்பட்டம் கொடுக்கவில்லை. செல்லரித்த ஏடுகளே கொடுத்தன. எனினும் இப்பெருமக்களை எடுத்துக்காட்டி, பட்டத்தில் என்ன இருக்கிறது என்று பேசுவது எளிது. நானும் அவ்வாறு பேசியவன். அதன் விலையை நான் கொடுக்கவில்லை, வேறொருவன் கொடுத்தான்.

அவன் மயிலிட்டிக் குடும்பத்துப் பிள்ளை. 1990 இல் அவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. இவன் பிறந்ததே முகாமில். பாட்டனார் கடலோடி. கடலைப் பிரிந்து இருபதாண்டுக்குமேல் நலன்புரி முகாமின் தகரக் கொட்டிலுக்கு முன்னிருந்து, பேரனுக்குக் கடற்கதை சொல்வதே அவர் தொழிலாயிற்று. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்னும் காற்றுகளை நாம் யாவரும் அறிவோம். அவரோ ஒரு காற்று மற்றொன்றாக மாறும் இடைப்பொழுதுக்கும், நீரோட்டம் திரும்பும் பொழுதுக்கும், அணியத்தில் அலை வந்து மோதும் விதத்துக்கும் வெவ்வேறு சொல் வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பிலேயே அச்சொற்களை இவன் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டான். இருநூறுக்கு மேலிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேரகராதியில் நானே பலவற்றைத் தேடிப் பார்த்தேன். கிடைத்தவை சிலவே.

பல்கலைக்கழகம் புகுந்தான். 2016 இல் முதலாண்டுப் பெறுபேறு வந்த மாலை நேரே என் வீட்டுக்கு வந்தான். தமிழ் சிறப்புக்கு அவனைத் தெரிந்திருந்தார்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அந்தக் கொப்பியையே எடுப்பதென்று எண்ணியும் இருந்தான். எழுத்துப் பிழை பார்த்துத் தருமாறு அதனை என் கையிற் கொடுத்தான். தகப்பனார் கூலி வள்ளத்தில் தொழில் செய்பவர், வீட்டில் கடன், இரு தங்கையர். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “சேர், ஸ்பெஷல் செய்யட்டோ, ஜெனரலோடை முடிக்கட்டோ?” என்று கேட்டான்.

“தம்பி, மூண்டு வருஷத்திலை முடிச்சுக்கொண்டு வா. வேலைக்கு விளம்பரம் வரேக்கை ஸ்பெஷலோ ஜெனரலோ எண்டு ஒருதரும் கேளார்” என்றேன். நாவலரையும் தாமோதரம்பிள்ளையையும் சான்றுக்கு அழைத்தேன் என்பதைச் சொல்ல நாணுகிறேன்.

என் சொல்லை அவன் தட்டவில்லை. ஆசிரியன் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அன்று மகிழ்ந்தேன். மூன்றாண்டுப் பட்டம் பெற்றான். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. 2020 இல் பட்டதாரிப் பயிலுநராகச் சேர்ந்து, இன்று ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தன். கடன் தீர்ந்தது. தங்கையர் படித்தனர். ஆகவே என் ஆலோசனை முழுதும் பிழை என்று சொல்ல முடியாது; இன்று அதே வீட்டுநிலையோடு ஒருவன் வந்து கேட்டாலும் உடனே விடை சொல்ல எனக்கு வாய் எழாது. ஆனால் நான் அன்று அவனுடைய வீட்டுக் கடனை மாத்திரம் எண்ணினேனா என்று என்னையே கேட்டபொழுது, வேறொன்றும் தெரிந்தது. எனக்குக் கிட்டாத ஒன்றைப் பெரிதல்ல என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அந்த ஆறுதலையே அவனுக்கு அறிவுரையாகக் கொடுத்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பின் பத்திரிகையில் தமிழ் விரிவுரையாளர் பதவிக்கு ஒரு விளம்பரம் கண்டேன். சிறப்புப் பட்டம், அதில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்று முதல் வரியிலேயே கேட்டிருந்தது. ஒருவரும் கேளார் என்று சொன்னவன் நான்.

பதவி போனதைவிட எனக்கு இன்று உறுத்துவது மற்றொன்று. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 இல் மக்களிடம் மீண்டது. பாட்டனார் கரைக்குப் போனார். சில மாதம் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள். சிறப்பிற் சேர்ந்திருந்தால் இவனுடைய ஆய்வாண்டு அக்காலத்தையே அடுத்து வந்திருக்கும். பாட்டனைக் கரையில் இருத்தி, சொல்லையும் அது சுட்டும் காற்றையும் ஒருங்கே கண்டு எழுதியிருக்கலாம். 2021 இல் அவர் காலமானார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி செய்ய வாழ்நாளிற் பல ஆண்டு கிட்டும். இவன் போன்றவனுக்கு ஊரும் அரசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஒரு வினாவோடு இரு என்று விட்டுவைப்பது அந்த ஓராண்டு மாத்திரமே.

சிறப்புப் பட்டதாரிகள் யாவரும் அவ்வாண்டை அவ்வாறு பயன்கொண்டனர் என்று நான் சொல்ல வரவில்லை. முன்னோன் ஒருவனுடைய ஆய்வேட்டின் முகப்பை மாத்திரம் மாற்றியதுபோன்ற ஏடுகளையும் கண்டிருக்கிறேன். முதல் வகுப்புப் பெற்ற மறுநாளே தொல்காப்பியத்தை மூடி வைத்தவரையும் அறிவேன். அவர்கள் பெயரும் நம் பட்டியலில் உண்டு. மன்னிப்புக் கேட்ட அந்த அதிபரோ, ஓய்வு பெற்றபின் தம் ஊர்க் கோயிலின் கணக்கேடுகளைப் பழைய எழுத்திலிருந்து பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். பாயிரக் கணக்கிற் பார்த்தால் அவர் செய்வதே சிறப்பு.

ஐந்தாவது நிரலை எடுத்துவிடலாம் என்று மலர்க்குழுவிற் சொன்னேன். இலண்டன் பெரியார் தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்டார். பெற்றதைச் சொல்வதில் என்ன குற்றம் என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. நிரல் இருக்கிறது. அதிபர் பெயருக்கு நேரே ‘பொது’ என்று அச்சாகியிருக்கும். மற்றைச் சொல்லை நான் அச்சகத்துக்கு அனுப்பவில்லை.

மயிலிட்டிப் பிள்ளையின் படிவம் கடைசியாகவே வந்தது. ஐந்து நிரலும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. கீழே சிறிய எழுத்தில், “சேர், அந்தக் கொப்பி உங்களிட்டை இருக்குதோ?” என்று கேட்டிருந்தான். இருந்தது. என் சான்றிதழ் இருக்கும் அதே அலுமாரியில், அதே தட்டில், அவன் தந்த நாளிலிருந்து இருந்தது. பிழை பார்க்கத் தந்ததை நான் திறந்ததும் இரண்டொரு முறையே.

சென்ற ஞாயிறு வந்தான். பொதுப் பட்டதாரி முதுமாணிக்கு முன்னர் ஒரு தகுதிகாண் பரீட்சை எழுத வேண்டுமாம், அதற்கு விண்ணப்பித்திருக்கிறான். திண்ணையில் இருந்து கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பல சொல்லுக்கு நேரே பொருள் எழுதியிருந்தான். முப்பதுக்கும் மேற்பட்ட சொற்களுக்கு நேரே, பாட்டனாரிடம் பிறகு கேட்கலாம் என்று விட்ட வெற்றிடம். அவற்றுள் ஒன்றைச் சுட்டி எனக்குத் தெரியுமா என்றான். தெரியாது என்றேன்.

பாட்டனாரோடு ஒரே வள்ளத்திற் போன கிழவர் ஒருவர் மயிலிட்டிக் கரையில் இன்னும் இருக்கிறாராம். காது சற்று மந்தம். காலையில் மாத்திரம் நன்றாகப் பேசுவார் என்றான். அடுத்த ஞாயிறு விடிய முன்னரே புறப்படுவதாகச் சொன்னான். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.